கண் தெரியாதவருக்கு எதுக்கு ஜரிகை?

சித்திரைத் திருவிழா நாட்களில் வீரபாண்டியைத் தாண்டுவதற்குள் பஸ்ஸுக்கு மூச்சு முட்டிவிடும். தேனியிலிருந்து கம்பம் போகும் சாலை முழுக்கத் தலைகள். முல்லையாற்றில் குளித்து ஈரத்தோடு அக்னிச்சட்டி ஏந்தி வருகிறவர்கள், கொட்டுச் சத்தம், வேப்பிலை வாசம், ராட்டினத்தின் கிறீச்சல். கௌமாரியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் காணிக்கைச் சாமான் கடைகள். தட்டுகளில் கை, கால், தொட்டில் என்று தகட்டில் அடித்த உருவங்கள் குவிந்து கிடக்கும். அவற்றுக்கு நடுவே கண்மலர்: மெல்லிய வெள்ளித் தகட்டில் இமையும் விழியும் கருமணியும் மேடாகப் புடைத்து நிற்கும் ஜோடிக் கண்கள்.

இந்த ஊரில் கண்மலருக்குத் தனி அர்த்தம் உண்டு. வீரபாண்டியன் என்ற பாண்டிய மன்னன் பார்வையை இழந்து, இங்கே கௌமாரியையும் கண்ணீஸ்வரமுடையாரையும் வணங்கித் திரும்பப் பெற்றான் என்கிறது தலவரலாறு. கண் நோவு என்றால் பள்ளத்தாக்கின் எந்த மூலையிலிருந்தும் இங்கே ஒரு நேர்த்திக்கடன் போட்டுக்கொள்வார்கள்.

கண்மலரால் வீட்டில் ஒரு வேலையும் ஆகாது. அது முழுக்க முழுக்க அலங்காரம், அம்மனுக்குச் சாத்துகிற நகை. ஆனால் பார்வை இல்லாத ஒருவர் அதைக் கையில் வாங்கினால் விரல் நுனியிலேயே முழுதாகப் படித்துவிடலாம். இமையின் வளைவு, இரண்டும் ஜோடிதானா, தகடு கனமா லேசா, விளிம்பு பிசிறாக இருக்கிறதா, எல்லாம் தெரியும். அதே மனிதர் அடுத்த ஃபேன்ஸி கடையில் கண்ணாடி வளையலைத் தடவிப் பார்த்தால் கூட வந்தவர்கள் கையை இழுத்துவிடுகிறார்கள். “ஒனக்கு எதுக்கு அது? ஒடஞ்சு கையக் கிழிச்சுக்கிறதுக்கா? ரப்பர் வளையல் போதும்.”

இந்தப் பேச்சு தேனி மாவட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. பார்வை போனவருக்கு வேண்டியதெல்லாம் உதவுகிற பொருள்தான், அழகான பொருள் வீண் என்று நாம் எல்லோருமே சத்தமில்லாமல் முடிவு செய்து வைத்திருக்கிறோம். பாசத்தில்தான் செய்கிறோம். ஆனால் அந்த முடிவை எடுக்கிற உரிமையை யாரும் நமக்குக் கொடுக்கவில்லை. அதன் விளைவை அனுபவிப்பவரும் நாமல்ல.

புரை விழுந்த வீடுகள்

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகியவர். மதுரைக்கு வெளியே அந்த மருத்துவமனை முதலில் கிளை விட்டது தேனியில்தான், 1985-ல். அப்போது தேனி தனி மாவட்டம்கூட ஆகவில்லை. 2000-களின் நடுவில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களைத் தொலைதூர வைஃபை வழியாகத் தேனி மருத்துவமனையோடு இணைத்தார்கள். சிற்றூர் மையத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கண்ணைத் தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் பார்த்துப் பேசினார்.

கம்பம் பள்ளத்தாக்கில் பார்வை இழப்பு என்றால் பெரும்பாலும் வயது போய் வருவது: கண்ணில் புரை, நீர் அழுத்தம், சர்க்கரை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் எண்ணிக்கையில் குறைவு. பொருட்களைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசம் முக்கியம். ஐம்பது வருஷம் கண்ணால் பார்த்துச் சேர்த்த வீட்டை இனிக் கையால் ஆள வேண்டிய நிலை ஒன்று. முதல் நாளிலிருந்தே கையாலும் காதாலும் அறிந்த வீடு இன்னொன்று.

▪ பெட்டிச் செய்தி: எண்களில்
2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50.3 லட்சம் பேர். 2015-19 தேசியப் பார்வையிழப்பு ஆய்வின்படி மக்கள்தொகையில் பார்வையிழப்பு 0.36 சதவீதம். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டும் எடுத்தால் 1.99 சதவீதம். அந்த வயதினரின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் காரணம் கண்புரை. அறுவை சிகிச்சையால் சரிசெய்யக் கூடியது அது.

வீட்டில் முதலில் எது வெளியேறுகிறது?

பார்வை குறையத் தொடங்கும் வீட்டில் சாமான்கள் இடம் மாறுவது வழக்கம். முதலில் போவது கீழே நிற்கும் அழகுப் பொருட்கள்: வாசல் நடையில் பூந்தொட்டி, ஹாலில் முக்காலி மேல் வைத்த பீங்கான் பொம்மை, ஓரம் சுருண்டு காலை வாரும் விரிப்பு. இவை போவது நியாயம். முழங்காலில் இடிக்கிற அழகு யாருக்கும் வேண்டாம். ஷோகேஸ் கண்ணாடிக்குள் இருக்கிற கப்பும் கேடயமும் தாஜ்மகாலும் அப்படியே நிற்கும். அவற்றைத் தொட முடியாது என்பதால் பார்வை இழந்தவருக்கு அவை இல்லாத பொருட்களாகிவிடுகின்றன.

மிஞ்சுகிற பொருட்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். வைத்த இடத்தில் இருக்க வேண்டும். உப்பு டப்பா இடது ஓரம், புளி அதற்கடுத்து, மிளகாய்த்தூள் மேல் தட்டு. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-ல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியிலும், மதுரை சுந்தரராஜன்பட்டியில் எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-ல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கத்திலும் தங்கிப் படித்தவர்களுக்கு இந்த ஒழுங்கு ரத்தத்தில் ஊறியிருக்கும். ஜின்னாவும் பார்வையற்றவர்தான். விடுதியில் ஒரு பெட்டியும் ஒரு அலமாரித் தட்டுமாக வளர்கிறவருக்கு ஒவ்வொரு பொருளும் அந்த இடத்துக்கான வாடகையைக் கொடுத்தாக வேண்டும். உள்ளே வந்த உறவினர் “ஒதுங்க வைக்கிறேன்” என்று டப்பாக்களை மாற்றி வைத்துவிட்டுப் போனால், அன்றைக்கு முழுவதும் அந்த வீட்டில் சமையல் தடுமாறும்.

இதை மட்டும் பார்த்தால் பயன்தான் எல்லாம் என்று தோன்றும். சற்று நின்று கவனித்தால் வேறு கதை. அதே அடுக்களையில் பிளாஸ்டிக் குடம் லேசாகவும் வசதியாகவும் இருக்க, பித்தளைக் குடத்தை விட மனசு வராத ஆத்தாக்கள் இருக்கிறார்கள். கழுத்தின் வளைவு கைக்கு வாகாக அமர்வதும், தண்ணீர் நிறைய நிறைய அதன் சத்தம் மாறுவதும், கோடையில் உள்ளங்கைக்குத் தெரியும் குளிர்ச்சியும் பிளாஸ்டிக்கில் வராது. குத்துவிளக்கின் அடித்தண்டில் வரிவரியாகக் கடைந்திருக்கும் வேலைப்பாட்டைத் துலக்குகிற கைதான் நன்றாக அறியும், பார்க்கிற கண்ணைவிட. கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்களே, சபையில் சீர்வரிசை பெருமைக்காகச் செய்த வேலை அது. பார்வை போன பிறகு எந்த அடுக்கு யாருடையது என்று விரலுக்குச் சொல்லும் எழுத்தாக அதுவே நின்றுவிடுகிறது.

கொலுசையும் நினைத்துப் பாருங்கள். காலுக்கு அழகு என்றுதான் நாம் வாங்குகிறோம். பார்வையற்ற தாய்க்கு, தவழும் குழந்தை திண்ணையில் இருக்கிறதா, படிக்கட்டு விளிம்புக்குப் போய்விட்டதா என்று சொல்லும் ஒலி அது. சலங்கை நிறைய வைத்த கொலுசாகக் கேட்டு வாங்குவார்கள். அலங்காரம் எங்கே முடிகிறது, உபயோகம் எங்கே தொடங்குகிறது என்று அந்தக் காலில் கோடு போட முடியாது.

சேலைக் கடையில் யார் கை பேசுகிறது

ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியில் கைத்தறிச் சேலை எடுக்கப் போகிறவர்கள் முதலில் துணியைக் கசக்கிப் பார்ப்பார்கள். பார்வை உள்ளவருக்கு அது இரண்டாம் பரிசோதனை, இல்லாதவருக்கு முதல் பரிசோதனை. நூல் நெருக்கமா, கரை தடிப்பா, ஜரிகை உறுத்துகிறதா, முந்தானை தனியாகத் தெரிகிறதா என்று கை பார்த்துவிடும். இந்தக் கை சாதாரணக் கை இல்லை. டான் கோல்ட்ரைக்கும் இங்க்ரிட் கானிக்ஸும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், நுண்ணிய வரிகளை விரலால் பிரித்தறிவதில் பார்வையற்றோர் பார்வையுள்ளவர்களை விஞ்சினார்கள்.

நிறம்? அதுதானே தெரியாது என்பார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கும் நிறம் என்பது வெறும் சொல் இல்லை. எந்த வகைப் பொருளுக்கு நிறம் ஏன் முக்கியம், எதற்கு முக்கியமில்லை என்பதைப் பார்வையுள்ளவர் அளவுக்கே அவர்களும் விளங்கி வைத்திருக்கிறார்கள் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மரினா பெட்னி குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. துக்க வீட்டுக்கு எதைக் கட்டக்கூடாது, வளைகாப்புக்கு எது பொருந்தும், மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் ஊரோடு வாழ்ந்து தெரிந்துகொள்வது. நிறம் பார்க்க ஒருவரும், நெசவு பார்க்கத் தானுமாக இருந்தால் கடையில் வேலை முடிந்தது. பிறகு ஜாக்கெட்டின் உட்புறம் ஒரு முடிச்சு, இன்னொன்றில் ஊக்கு, இப்படி அடையாளம் வைத்துக்கொண்டால் பீரோவிலிருந்து தானே எடுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

கஷ்டம் கடையில் வருவதில்லை. “அவளுக்குத்தான் தெரியாதே” என்று எடுத்துவரும் நைந்த காட்டன் சேலையில் வருகிறது. பிறர் பார்வையில் தான் எப்படி இருக்கிறோம் என்ற அக்கறை, தனக்குப் பார்வை இல்லை என்பதால் போய்விடாது. இன்னும் கூடலாம். கறையிருந்தால் சொல்ல ஆள் வேண்டும், பொருந்தாமல் இருந்தால் சிரிப்புக் கேட்கும். ஜரிகைச் சேலை கட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குள் நுழையும்போது நான்கு பேர் “நல்லாருக்கு மதினி” என்று சொல்வதைக் காதால் வாங்குகிற சந்தோஷம் கண்ணால் கண்ணாடி பார்ப்பதற்கு எந்த விதத்தில் குறைவு?

▪ பெட்டிச் செய்தி: அழகாக இருக்கிறதா என்று கேட்டவர்கள்
எம்.ஐ.டி.யில் படித்த ஹியுங்சூ கிம், வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பார்வையற்ற நண்பருக்காக விரலால் மணி அறியும் கடிகாரம் செய்யத் தொடங்கினார். மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டியபோது பார்வையற்றோர் பலரும் நிறத்தையும் தோற்றத்தையும் விசாரித்தார்கள். பார்க்கிறவர்களும் விரும்பிக் கட்டுகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. முள்ளுக்குப் பதில் இரண்டு உலோகக் குண்டுகள் சுற்றும் அந்தக் கடிகாரம் 2013-ல் வந்தது. குண்டுவெடிப்பில் பார்வை இழந்த பிறகு பாராலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்ற அமெரிக்கக் கடற்படை வீரர் பிராட் ஸ்னைடரின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

பார்க்க முடியாத புத்தகம், தடவிப் பார்த்த கடைசல் எந்திரம்

அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் 1955-ல் தேசிய நூலகத்தின் இயக்குநரானார். ஏறத்தாழ அதே சமயத்தில்தான் படிக்கிற பார்வை போயிற்று. அதற்குப் பிறகும் அவர் புத்தகம் வாங்குவதை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்த ஒரு ஜெர்மன் கலைக்களஞ்சியத்தின் தொகுதிகளைப் பற்றி 1978-ல் ஓர் உரையில் பேசினார். அவற்றைத் தன்னால் படிக்க முடியாது, படங்களைப் பார்க்க முடியாது, ஆனாலும் அவை வீட்டில் இருக்கின்றன என்ற உணர்வே ஒரு மகிழ்ச்சி என்றார். பயன் என்ற கணக்கில் அந்தத் தொகுதிகளை எங்கே எழுதுவது? நம் வீடுகளில் சுவரில் மாட்டிய தாத்தா படத்துக்கும் அதே இடம்தான். கண்ணாடிச் சட்டத்தைத் தடவினால் முகம் தெரியாது. ஆணி இருக்கும் இடம் கைக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை சீலையம்பட்டி மார்க்கெட் மல்லிகை அங்கே ஏறும்.

எதிர்ப்பக்கக் கதை இங்கிலாந்திலிருந்து. கைக்குழந்தையிலேயே பார்வை இழந்து, 52 வயதில் கருவிழி மாற்று அறுவையால் பார்வை பெற்ற ஒருவரை உளவியலாளர் ரிச்சர்ட் கிரிகரி ஆராய்ந்தார். எஸ்.பி. என்ற எழுத்துகளால் அறியப்படுகிற அவருக்குக் கைக்கருவிகள் என்றால் உயிர். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் கடைசல் எந்திரத்தைக் கண்ணால் பார்த்தபோது அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையால் முழுக்கத் தடவிய பிறகுதான் அதைப் பார்க்க முடிந்தது. மற்றபடி பார்வை அவருக்குக் கொடுத்தது பெரும்பாலும் ஏமாற்றம். உரிந்த பெயிண்ட்டும் மங்கிய பரப்பும் அவரை வருத்தின.

நம் ஊரில் புரை எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களிடம் இதன் சாயல் உண்டு. புரை விழுந்த லென்ஸ் மஞ்சளாகி நீலத்தை மறைத்துவிடும். லென்ஸ் மாற்றிய மறுநாள் நீலம் திரும்பி வரும், கூடவே அடுக்களைச் சுவரின் கரியும், சாமி படத்தின் மேல் படிந்த தூசியும், தன் கையின் சுருக்கமும். பலர் செய்கிற முதல் வேலை வீட்டைத் துடைப்பது. அரவிந்தின் துணை நிறுவனமான ஆரோலேப் 1992-லிருந்து லென்ஸை இங்கேயே தயாரித்து விலையைப் பல மடங்கு இறக்கியதன் பலன்களில் இதுவும் ஒன்று. ஒரு கிழவிக்கு மறுபடியும் தன் வீட்டின் அழகைப் பற்றிக் கவலைப்பட முடிகிறது.

வழவழப்பான ஆபத்து

இதுவரை சொன்னது ரசனை. இனி வருவது அன்றாடப் பாதிப்பு. கடந்த இருபது வருஷத்தில் வீட்டுச் சாமான்களில் அழகு என்பதற்கு ஒரே அர்த்தம் வந்துவிட்டது: வழவழவென்று, புடைப்பே இல்லாமல், கண்ணாடி மாதிரி. 2011-க்குப் பிறகு தமிழக அரசு விலையில்லாமல் கொடுத்த மிக்ஸியில் திருகும் குமிழ் இருந்தது. எத்தனையாவது வேகம் என்று கட்டைவிரல் எண்ணிக்கொள்ளும். இன்று கல்யாணச் சீரில் வருகிற இண்டக்‌ஷன் அடுப்பின் முகம் வெறும் கண்ணாடித் தகடு. எங்கே தொட்டால் பற்றும், எங்கே தொட்டால் அணையும் என்று விரலுக்கு ஒரு தடயமும் கிடையாது. வாஷிங் மெஷின், ஏ.சி. ரிமோட், லிஃப்ட் பொத்தான், எல்லாம் அதே வழியில் போகின்றன.

பார்வையுள்ளவரின் கண்ணுக்கு அழகு சேர்க்க ஒரு குமிழை எடுத்துவிட்டார்கள், பார்வையற்றவர் சமையலறையை விட்டு வெளியே போனார். ‘பயனா அழகா’ என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. பொருளைச் செய்தவர்கள் அவருக்காக முடிவு செய்துவிட்டார்கள். ஒரு சொட்டு எம்-சீல், காய்ந்த நகப்பூச்சு, ஒட்டிய பொட்டு என்று பொத்தான் மேல் மேடு வைத்துச் சமாளிக்கிற வீடுகள் உண்டு. அந்தப் பொட்டு, சொல்லப்போனால், அந்த அடுப்பின் மேல் இருக்கிற ஒரே அழகு.

ஸ்மார்ட்போன் வேறு பாதையில் போனது. அதுவும் கண்ணாடித் தகடுதான், ஆனால் பேசத் தெரிந்த தகடு. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் உள்ளேயே வருவதால் அது பார்வையற்றோரின் வங்கி, கடிதம், செய்தித்தாள், ரேடியோ எல்லாம் ஆகிவிட்டது. வழவழப்பு தன்னளவில் குற்றம் இல்லை, ஊமையாக இருப்பதுதான் குற்றம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 43-ஆம் பிரிவு, எல்லோரும் கையாளக்கூடிய வடிவமைப்பில் நுகர்பொருட்கள் தயாராகவும் கிடைக்கவும் அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-லேயே மருந்துப் பெட்டியில் பிரெய்லி எழுத்து வேண்டும் என்று சட்டம் செய்தது. போடியிலோ சின்னமனூரிலோ மருந்துக் கடையில் வாங்கும் அட்டையில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் விரலுக்கு ஒன்றே. ரப்பர் பேண்ட் ஒன்று சுற்றினால் இது, இரண்டு சுற்றினால் அது என்று வீட்டிலேயே சட்டம் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

▪ பெட்டிச் செய்தி: கையில் இருக்கும் பணம்
புதிய வரிசை நோட்டுகளில் 100, 200, 500 மூன்றும் ஒரே அகலம், 66 மில்லிமீட்டர். நீளம் முறையே 142, 146, 150. நோட்டுக்கு நோட்டு வெறும் 4 மில்லிமீட்டர் வித்தியாசம். ஓரத்தில் மேடாக அச்சிட்ட கோடுகள் இருந்தாலும் நோட்டு பழசாகும்போது தேய்ந்துவிடும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ‘மணி’ என்ற செயலியை வெளியிட்டது. கேமராவுக்கு நேரே பிடித்தால் எந்த நோட்டு என்று சொல்லும். நாணயங்களில் 20 ரூபாய்க்கு 12 பக்கம், விரலுக்கு உடனே தெரியும்.

கறுப்புக் கண்ணாடி யாருக்கு?

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்கள் வழியாகக் கிடைக்கும் உதவிப் பொருட்களில் மடக்குக் குச்சியும், பிரெய்லி கைக்கடிகாரமும், கறுப்புக் கண்ணாடியும் உண்டு. மூன்றுமே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வெயில் கூசுகிற கண்ணுக்கும் தூசியிலிருந்து காப்பதற்கும் கண்ணாடி உதவும். ஆனாலும் மூன்றில் அது ஒன்றுதான் பெருமளவு எதிரே நிற்பவருக்காகப் போடப்படுவது. நம் சங்கடத்தை மறைக்க அவர் முகத்தில் ஒரு திரை. அலங்காரப் பொருளை வீண் என்கிற நாம், நமக்குத் தோதான அலங்காரத்தை மட்டும் அவருக்கு இலவசமாகக் கொடுக்கிறோம்.

கைக்கடிகாரத்தின் கதை இதற்கு நேர்மாறு. எச்.எம்.டி. செய்த பிரெய்லி கைக்கடிகாரம் ஒரு காலத்தில் பார்வையற்ற ஆசிரியர்களின் மணிக்கட்டில் பெருமையாக இருந்தது. மூடியைத் திறந்து, எண்களின் இடத்தில் உள்ள மேடான புள்ளிகளையும் முட்களையும் தொட்டு மணி பார்ப்பார்கள். பேசும் கடிகாரங்கள் வந்த பிறகும் அதை விடாதவர்கள் உண்டு. பேசும் கடிகாரம் வகுப்பு முழுவதற்கும் மணி சொல்லிவிடும். விரல் கடிகாரம் கட்டியிருப்பவருக்கு மட்டும் சொல்லும், உலோகக் கனத்தோடு மணிக்கட்டில் பாந்தமாகவும் உட்காரும்.

இந்தப் பள்ளத்தாக்குக்குப் பொருளின் மதிப்பு போடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. போடி ஏலக்காய் வாசனைக்காக வாங்கப்படுவது, விலையோ பச்சை நிறத்தையும் காயின் பருமனையும் பார்த்து ஏறுகிறது. கண்ணுக்காக அவ்வளவு கொடுக்கிற ஊர், மூக்குக்கும் விரலுக்கும் காதுக்கும் ரசனை உள்ள மனிதருக்கு அதில் ஒரு பங்கு ஒதுக்கலாம். உதவி உபகரண முகாமில் ஒரே மாதிரிக் குச்சியை வரிசையில் நீட்டாமல், பிடியில் மரம், ரப்பர், நூல் சுற்றியது என்று மூன்று வகை வைத்து, தடவிப் பார்த்துப் பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். கடிகாரத்தில் பட்டை தோலா, ஸ்டீலா என்று கேட்கலாம். கறுப்புக் கண்ணாடி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் அதன் காசுக்கு வேறொன்றைத் தேர்ந்தெடுக்க விடலாம். முகாம் மேசையில் கூடுதலாக ஆகப்போவது சில நிமிஷங்கள்தான். சீர் வாங்கப் போகும் குடும்பங்கள் அதற்கும் முன்னாலேயே தொடங்கலாம். அடுப்புக் கடையில் பெட்டியைப் பிரித்து வைத்து, சமைக்கப் போகிறவரின் கையை அதன்மேல் வைத்த பிறகு பணம் கட்டுங்கள்.